கிளிங்கான் நெத்தி, 38 டார்பிடோ, திரௌபதி கூந்தல்: நீளமான தொடர்கள் எதை மறக்கலாம்?

(எபிசோட்ல பேசினதோட திருத்தின எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டியிருக்கோம். 'டாக்டர் ஹூ', 'ஸ்டார் ட்ரெக்', 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' மூணுலயும் கதை கொஞ்சம் வெளியே வரும். இன்னும் பார்க்கலைன்னா யோசிச்சுட்டுப் படிங்க.)

குருபரப்பள்ளியில இருந்து பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. கிருஷ்ணகிரி - ஓசூர் ஹைவே நம்ம ரூமுக்குக் கூப்பிடு தூரம்.

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி: "டாக்டர் ஹூ 60 வருஷத் தொடர், ஸ்டார் ட்ரெக்ல பத்துக்கும் மேல தொடர் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்குங்கறாங்க. அதை எல்லாம் சரி பண்ணாம எப்படிப் பார்க்கறாங்க?" இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம். கன்டினியூட்டி பிரச்சினை ஏன் வருது, அதுல எது சின்னது, எது தொடரையே கெடுக்கிறது. நான் பகல்ல ஒரு ஆலையில குவாலிட்டி பிரிவுல வேலை பார்க்கிறவன். அதனால அந்தக் கண்ணாலதான் பார்ப்பேன்.

இவருக்குப் பதில் இவர்

கன்டினியூட்டிங்கிற வார்த்தையை ரெண்டு அர்த்தத்துல சொல்றோம். ஷூட்டிங் ஸ்பாட்ல அது உதவி இயக்குநரோட வேலை. போன ஷாட்ல ஹீரோ சட்டைக் கை மடிச்சிருந்தாரா, டம்ளர்ல காபி எவ்வளவு இருந்துச்சுன்னு குறிச்சு வைக்கணும், போட்டோ எடுத்து வைக்கணும். நாம பேசப் போறது அது இல்ல. பத்து வருஷம் முன்னாடி கதையில சொன்ன ஒரு விஷயம் இன்னிக்குச் சொல்றதோட ஒத்துப் போகுதா, அந்தக் கன்டினியூட்டி.

இது நமக்கு நல்லாவே தெரிஞ்ச சமாச்சாரம். சன் டிவியில 'கோலங்கள்' 2003ல இருந்து 2009 வரைக்கும் ஓடுச்சு, 1,500 எபிசோடுக்கு மேல. இந்த நீளத்துல ஓடுற எந்தத் தொடர்லயும் நடிகர் மாறுவாங்க. கல்யாணம், கால்ஷீட், சண்டை, என்னவோ ஒண்ணு. அப்ப நம்ம சீரியல்கள் கண்டுபிடிச்ச வழி ஸ்கிரீன்ல ஒரு வரி: 'இவருக்குப் பதில் இவர்'. பழைய மூஞ்சி, புது மூஞ்சி, முடிஞ்சுது. அடுத்த சீன்ல மாமியார் புது மருமகளைப் பழைய கோபத்தோடயே திட்டுவாங்க. நம்ம வீட்டுப் பாட்டிகள் யாரும் இதுக்காக டிவியை அணைச்சதில்ல.

தமிழ்ல அறிவியல் புனைவு டிவி பக்கம் வராமலும் இல்ல. சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சு. ஆனா வருஷக்கணக்குல நீண்டு, தன் பழைய பொய்யில தானே மாட்டிக்கிற அளவுக்கு எந்த அறிவியல் தொடரும் இங்க ஓடலை. அதைப் பார்க்கணும்னா பிபிசி பக்கமும் அமெரிக்கா பக்கமும்தான் போகணும்.

பிபிசி 1963 நவம்பர் 23ஆம் தேதி 'டாக்டர் ஹூ'வை ஆரம்பிச்சுது. டாக்டரா நடிச்சவர் வில்லியம் ஹார்ட்னெல். மூணு வருஷத்துல அவர் உடம்பு ஒத்துழைக்கலை. தொடரோ நல்லா ஓடுது. 1966 அக்டோபர் 29ஆம் தேதி எபிசோட்ல டாக்டர் தரையில விழறார், மூஞ்சி மங்குது, வேற மூஞ்சி வருது: பேட்ரிக் ட்ரவுட்டன். அதாவது 'இவருக்குப் பதில் இவர்' கார்டையே கதைக்குள்ள தூக்கி வச்சுட்டாங்க. இந்த வேற்றுக்கிரகவாசி சாகப் போறப்ப உடம்பை மாத்திக்குவான், அவ்வளவுதான். இதுக்கு 'ரீஜெனரேஷன்'னு பேர் வச்சதே 1974லதான். எட்டு வருஷம் பேரே இல்லாம ஓடிச்சு.

ஒரு ஆள் பிரச்சினையை, நடிகருக்கு உடம்பு முடியலைங்கிறதை, கதையோட விதியா மாத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தொடர் உயிரோட இருக்கிறதுக்கு அந்த விதிதான் காரணம். அதே விதிதான் பின்னாடி பெரிய தலைவலியும் ஆச்சு. அதுக்கு வரேன்.

ஒரு தடவை மட்டும் பார்க்கிறவங்களுக்கு எழுதினது

எழுத்தாளர்கள் கவனமில்லாதவங்க, அதான் தப்பு வருதுன்னு நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோணலை. 1960கள்ல டிவிக்கு எழுதினவர், அந்த எபிசோடை ஜனங்க ஒரு தடவை பார்ப்பாங்க, அதோட அது போயிடும்னு நம்பி எழுதினார். அந்த நம்பிக்கை நியாயமானது. ஏன்னா பிபிசியே அந்த டேப்புகளை அழிச்சுது. 1967ல இருந்து 70கள் கடைசி வரைக்கும் பழைய நிகழ்ச்சி டேப்புகளைத் துடைச்சு மறுபடி உபயோகிச்சாங்க. டேப் விலை அதிகம், வைக்க இடமில்ல, மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தமும் கிடையாது. அதுலதான் 'டாக்டர் ஹூ' 60கள் எபிசோடுகள்ல 90க்கும் மேல இன்னிக்குக் கிடைக்காமப் போச்சு.

யோசிச்சுப் பாருங்க. முந்தின பாகம் இருந்த டேப்பையே அழிச்சுட்டு, புது எழுத்தாளர்கிட்ட "முரண் இல்லாம எழுது"ன்னா அவர் எதை வச்சு எழுதுவார்?

எங்க ஏரியாவுல இது தினசரி நடக்கிற கதை. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆலை, பேர் வேண்டாம். லைன்ல ஒட்டியிருந்த டிராயிங் ரிவிஷன் சி. ஸ்டோர்ஸ்ல இருந்தது ரிவிஷன் டி. லைன்காரர் தன் டிராயிங்படி சரியா செஞ்சார். ஸ்டோர்ஸ்காரர் தன் டிராயிங்படி சரியா ரிஜெக்ட் பண்ணார். ரெண்டு பேர்ல யாரும் தப்பு பண்ணலை. பழைய தாளை யாரும் கிழிக்கலை, அதான் பிரச்சினை. நீளமான தொடர்கள்ல வர்ற முரண்ல முக்கால்வாசி இந்த வகை. ரெண்டு எழுத்தாளர், ரெண்டு ரிவிஷன், ரெண்டு பேரும் தங்க தாள்படி சரி.

அப்புறம் வீடியோ கேசட் வந்துச்சு, மறு ஒளிபரப்பு வந்துச்சு, இப்ப ஸ்ட்ரீமிங். 1967 எபிசோடையும் 1983 எபிசோடையும் ஒரே ராத்திரியில பார்க்க முடியுது. தப்பு அன்னிக்கே இருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிற வசதிதான் புதுசு.

சரி, தப்பு இருக்கு. இப்ப தரம் பிரிக்கணும். எந்த ஆலை இன்ஸ்பெக்‌ஷன்லயும் குறையை மூணா பிரிப்போம்: மைனர், மேஜர், கிரிட்டிக்கல். பெயின்ட்ல சின்ன கீறல், மைனர். பாகம் பொருந்தலை, மேஜர். ஓடற வண்டியில ஆளுக்கு ஆபத்து, கிரிட்டிக்கல். மூணையும் ஒரே குரல்ல கத்தினா லைன் ஓடாது. தொடர்களையும் இதே மாதிரி பிரிச்சுப் பார்ப்போம்.

மைனர்: பேர், தேதி, ஊர்

ஸ்டார் ட்ரெக் 1966ல ஆரம்பிச்சப்ப ஒரு எபிசோட்ல, கேப்டன் கிர்க்குக்கு அவரோட பழைய நண்பனே கல்லறைக் கல் செஞ்சு வைப்பான். அதுல 'ஜேம்ஸ் ஆர். கிர்க்'னு இருக்கும். கொஞ்ச நாள்லயே கேப்டன் 'ஜேம்ஸ் டி. கிர்க்' ஆயிட்டார், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் டிதான். ஆதார் கார்டுல இனிஷியல் மாறின மாதிரி. மைனர்.

டாக்டர் ஹூவுல அட்லான்டிஸ் நகரம் அழிஞ்ச கதை 1967ல ஒரு விதம், 1971ல ஒரு விதம், 1972ல இன்னொரு விதம். ஒரே நகரம், ஆறு வருஷத்துக்குள்ள மூணு விளக்கம். சிரிச்சுட்டுப் போகலாம்.

மைனர்லயே பிரபலமானது 'யூனிட்' தேதிச் சண்டை. டாக்டர் ஹூவுல பூமியைக் காப்பாத்துற ஒரு ராணுவப் படை, பேரு யூனிட். 70கள்ல வந்த அந்தக் கதைகள், ஒளிபரப்பான வருஷத்தைவிடக் கொஞ்சம் எதிர்காலத்துல நடக்கிற மாதிரி எழுதினது. 1975ல டாக்டரோட வர்ற சாரா ஜேன் தான் 1980ல இருந்து வந்ததா சொல்லுவாங்க. 1983ல வந்த கதையில என்னடான்னா, அந்தப் படையோட பிரிகேடியர் 1976லயே ரிட்டயர் ஆகி 1977ல ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கார். சாரா அந்தப் படையோட சுத்தின காலத்துக்கு முன்னாடியே அதோட தலைவர் ரிட்டயர் ஆயிட்டாரா? ரசிகர்கள் இதுக்காக எழுதின பக்கங்களைச் சேர்த்தா எங்க சிப்காட்ல ஒரு ஷெட் நிறையும். 2008ல தொடரே இதைக் கிண்டல் பண்ணிடுச்சு. அது 70களா 80களான்னு டாக்டருக்கே ஞாபகமில்லாத மாதிரி ஒரு வரி வச்சாங்க.

அது நல்ல தீர்வுன்னு நினைக்கிறேன். ஆலையிலயும் இப்படி ஒரு வழி உண்டு. 'அப்படியே உபயோகிக்கலாம்'னு எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்புவோம். குறை இருக்குன்னு தெரியும், ஒத்துக்கறோம், ஆனா இதைச் சரி பண்ற செலவு குறையைவிடப் பெருசு.

மேஜர்: உலகத்தோட விதி மாறும்போது

மேஜர் வேற. இங்க பாகம் பொருந்தாது. அந்த உலகம் எப்படி இயங்குதுன்னு நமக்குச் சொன்ன விதியே மாறுது.

டாக்டரோட ரீஜெனரேஷனுக்கே வரேன். 1976ல ராபர்ட் ஹோம்ஸ் எழுதின ஒரு கதையில வில்லனுக்கு ஒரு அவசரம் தேவைப்பட்டுச்சு. அதுக்காக ஒரு விதி போட்டார்: இந்த இனத்துக்காரங்க 12 தடவைதான் உடம்பு மாத்தலாம். ஆக மொத்தம் 13 உடம்பு. வில்லனோட கணக்கு முடிஞ்சுது, அதான் அவன் வெறியில இருக்கான். அருமையான காரணம். அப்ப ஓடிட்டு இருந்தது நாலாவது டாக்டர். 13 யார் கண்ணுக்கும் தெரியாத தூரம்.

2013ல அந்தத் தூரம் வந்து சேர்ந்துடுச்சு. நடுவுல மறைச்சு வச்சிருந்த ஒரு போர்க்கால டாக்டரையும், 2008ல மூஞ்சி மாறாம வீணாப் போன ஒரு ரீஜெனரேஷனையும் சேர்த்து எண்ணினா, பதினொண்ணாவதுன்னு நாம சொல்ற மேட் ஸ்மித்துதான் கடைசி உடம்பு. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் எபிசோட்ல அவர் ஒரு ஊரைக் காவல் காத்துக் கிழவனாகி, சாகிறதுக்கு உட்கார்ந்துட்டார். அப்பத்தான் புதுசா ஒரு சுற்று உயிர் கிடைக்குது.

கவனிங்க, விதியை மறந்துட்டுத் தாண்டிப் போகலை. விதி இருக்கு, முடிஞ்சுடுச்சு, பயமா இருக்குன்னு கதையே சொல்லிட்டு, விலை கொடுத்து வாங்கின மாதிரி தாண்டினாங்க. 37 வருஷம் முன்னாடி வேற ஒருத்தர் வேற காரணத்துக்காகப் போட்ட வரி, இங்க ஒரு மனுஷனோட மரண பயம் ஆச்சு. நல்ல ரீவொர்க்குன்னா இதுதான்.

2020ல வந்தது இன்னும் பெருசு. டாக்டருக்கு ஹார்ட்னெல்லுக்கு முன்னாடியே ஞாபகமில்லாத பல உயிர்கள் இருந்துச்சுன்னு தொடர் சொல்லுச்சு. ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சாங்க. ஒரு வேடிக்கை என்னன்னா, 1976லயே ஒரு கதையில டாக்டரோட மனசுக்குள்ள இருந்து ஹார்ட்னெல்லுக்கு முந்தின மூஞ்சிகள்னு எட்டு காட்டியிருந்தாங்க. அதுக்குப் போஸ் கொடுத்தது தயாரிப்புக் குழுவுல இருந்தவங்களேதான். 44 வருஷம் மைனர்னு எல்லாரும் ஒதுக்கி வச்ச குறை ஒரு நாள் மெயின் கதை ஆயிடுச்சு. ஆதாரம் இல்லாம மாத்திட்டாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பலருக்கு வலிச்சது முரண்னால இல்ல. 'ஊரை விட்டு ஓடி வந்த ஒரு சாதாரண ஆள்'னு அவங்க நேசிச்ச டாக்டர், திடீர்னு எல்லாத்துக்கும் மூலமான பிறவி ஆயிட்டார். அந்த வருத்தத்தைக் கன்டினியூட்டிங்கிற பேர்ல சொன்னாங்க. ரசிகர் சண்டையில பாதிக்கு மேல இப்படித்தான். "தேதி தப்பு"ன்னு கத்துறவர் உள்ளுக்குள்ள "நான் நம்பினதை எடுத்துட்டீங்க"ன்னு சொல்லிட்டு இருப்பார்.

நெத்தி பிரச்சினை

ஸ்டார் ட்ரெக்ல ஒரு மேஜர், ரீவொர்க் எப்பத் தேவைங்கிறதுக்கு நல்ல பாடம். 60கள்ல கிளிங்கான்கள்னா மனுஷங்க மாதிரிதான், மேக்கப்புக்குப் பட்ஜெட் இல்ல. 1979 சினிமாவுல காசு வந்துச்சு, நெத்தியில முகடு முகடா எலும்பு வந்துச்சு. ஏன்னு யாரும் சொல்லலை, யாரும் பெருசா கேட்கவும் இல்ல. இது அசலான 'இவருக்குப் பதில் இவர்', ஒரு இனத்துக்கே.

1996ல 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர்ல ஆட்கள் காலத்துல பின்னாடி போய், 60கள் எபிசோடுக்குள்ளயே நுழையறாங்க. பழைய காட்சிகளோட புது நடிகர்களைச் சேர்த்து எடுத்தாங்க. இப்ப முகடு நெத்தி வச்ச வோர்ஃப், மொழு மொழு நெத்தி கிளிங்கான்கள் இருக்கிற அதே கடையில உட்கார்ந்திருக்கார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்கறாங்க. அவர் முறைச்சுட்டு, இதை நாங்க வெளியாள்கிட்ட பேசறதில்லைங்கிற மாதிரி முடிச்சுக்கிறார். ஊர்ல ஒரு குடும்ப விஷயத்தைக் கேட்டா பெரியவங்க பேச்சை மாத்துவாங்களே, அதே மாதிரி.

2005ல 'என்டர்பிரைஸ்' தொடர் ரெண்டு எபிசோட் செலவு பண்ணி விளக்கிடுச்சு. மரபணு மாற்றின மனுஷக் கருவை வச்சு கிளிங்கான்கள் சோதனை பண்ணாங்க, அது வைரஸா திரும்பி நெத்தி முகடு போயிடுச்சு. அந்த மரபணு எங்க இருந்து வந்துச்சுன்னா, கான் நூனியன் சிங்கோட காலத்துல இருந்து. ஆமா, நம்ம நாட்டு ஆள்தான். 1967ல வந்த 'ஸ்பேஸ் சீட்' எபிசோட்ல வட இந்தியாவுல இருந்து வந்த சீக்கியரா இருக்கலாம்னு கப்பல்காரங்க யூகிப்பாங்க. நடிச்சவர் மெக்சிகோவுல பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான். 2013 சினிமாவுல அந்த வேஷத்துக்கு இங்கிலாந்துக்காரர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். இங்கயும் ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

கான் கதையில இன்னொரு சிக்கல். அந்த 1967 எபிசோட்படி அவர் உலகத்தை ஆண்ட போர் நடந்தது 1992ல இருந்து 1996 வரைக்கும். எழுதினப்ப அது எதிர்காலம். 1992 வந்துச்சு, போச்சு. நம்ம ஊர்ல கேபிள் டிவி வந்துச்சே தவிர கான் வரலை. 2023ல 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. காலப் பயணம் பண்றவங்க தலையிட்டுத் தலையிட்டு அந்தச் சம்பவங்கள் 21ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளிப் போயிடுச்சுன்னு ஒரு பாத்திரம் சொல்லும். கான் அங்க இன்னும் சின்னப் பையன். அவனைக் கொல்ல வாய்ப்பு இருந்தும், அவன் வம்சத்துல வந்த பொண்ணு கொல்ல மறுக்கிறா. தேதித் தப்பைச் சரி பண்ண வந்த கதை, ஒரு பொண்ணோட முடிவா முடியுது. அதனாலதான் அது வேலை செஞ்சுது.

என் கணக்கு இதுதான்: விளக்கம் மட்டும் கொடுக்கிற ரீவொர்க் தேவையில்ல, வோர்ஃப் மாதிரி முறைச்சுட்டுப் போகலாம். விளக்கத்தோட ஒரு கதையும் கிடைச்சா மட்டும் பண்ணுங்க.

கிரிட்டிக்கல்: விளைவை மறக்கிறது

இப்ப முக்கியமான இடம்.

1995ல 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' ஆரம்பிச்சுது. கப்பல் வீட்டுல இருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துல மாட்டிக்குது. திரும்பி வர 75 வருஷம் ஆகும். பக்கத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. ஆரம்ப எபிசோட் ஒண்ணுலயே கையிருப்பு சொல்லிடறாங்க: 38 ஃபோட்டான் டார்பிடோ, தீர்ந்தா வேற செய்ய வழியில்ல. ஸ்டோர்ஸ்ல வேலை பார்த்த எவனுக்கும் இதைக் கேட்டதும் உடம்பு நிமிரும். 38 தான் இருக்கு! ஒவ்வொண்ணும் யோசிச்சுப் போடணும்!

ஏழு சீசன்ல ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினாங்க. 38ஐ எப்பவோ தாண்டிடுச்சு. கப்பல்ல இருந்து போற குட்டி ஷட்டில்களும் அப்படியே, உடையும், அடுத்த வாரம் புதுசு நிக்கும். 1997ல 'இயர் ஆஃப் ஹெல்'னு ரெண்டு பாகம் வந்துச்சு. கப்பல் சல்லடை ஆகுது, ஆட்கள் சாகறாங்க, கேப்டன் கப்பலையே மோத விடறாங்க. அற்புதமான எபிசோட். கடைசியில காலம் பின்னாடி திரும்பி, எதுவுமே நடக்கலை. யாருக்கும் ஞாபகம்கூட இல்ல.

டார்பிடோ எண்ணிக்கை பார்க்கிறதுக்கு மைனர் மாதிரி இருக்கும். நான் இதை கிரிட்டிக்கல்ல போடறேன். ஏன்னா 'நம்மகிட்ட கொஞ்சம்தான் இருக்கு, உதவி வராது'ங்கிறதுதான் அந்தத் தொடரோட ஒரே வாக்குறுதி. கையிருப்பு குறையவே இல்லைன்னா அவங்க தொலைஞ்சு போகவே இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எந்த ஆபத்துக்கும் நான் ஏன் பயப்படணும்?

அந்தத் தொடர்ல 1999ல கொஞ்ச காலம் வேலை பார்த்துட்டு வெளியே வந்தவர் ரொனால்ட் டி. மூர். அப்புறம் அவர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வைப் புதுசா எடுத்தார். 2003ல மினி சீரிஸ், 2004ல இருந்து 2009 வரை தொடர். மனுஷ இனமே அழிஞ்சு, மிச்சம் இருக்கிறவங்க கப்பல்கள்ல ஓடறாங்க. ஜனாதிபதி லாரா ரோஸ்லின் அறையில ஒரு வெள்ளைப் பலகை. அதுல ஒரே எண்: உயிரோட இருக்கிறவங்க எத்தனை பேர். டைட்டில்லயே அந்த எண் வரும். '33'ங்கிற முதல் எபிசோட் டைட்டில்ல 50,298. அந்த எபிசோட் முடியறதுக்குள்ள 47,000 சொச்சம். கடைசிக் காட்சியில ஒரு குழந்தை பிறக்குது. அவங்க பலகைக்கிட்ட போய் ஒண்ணு கூட்டறாங்க.

எங்க லைன்ல ஷிப்ட் முடியறப்ப போர்டுல எண் எழுதறது எனக்கு ரொம்பச் சாதாரணம். அந்த 'ஒண்ணு கூட்டறது' மட்டும் இன்னும் மனசுல நிக்குது. வாயேஜர் 38ஐத் தொலைச்ச அதே இடத்துல இவங்க 50,298ஐ வச்சுக் காப்பாத்தினாங்க. அந்தத் தொடருக்கும் முரண்கள் உண்டு, முடிவைப் பத்தி இன்னும் சண்டை ஓடுது. ஆனா போனது போனதுதான்னு அது சொன்னதை நம்ப முடிஞ்சுது.

நம்ம கூத்துல இருக்கிற விதி

இதைப் புரிஞ்சுக்க விண்வெளிக்குப் போக வேண்டியதில்ல. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா பார்த்திருப்பீங்க. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, பதினெட்டு இருபது நாள் ஓடும். அதுவும் ஒரு நீளமான தொடர்தான், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஓடற கதை. எழுத்தாளர்களோ கணக்கே இல்ல. வியாசர் கதையில இல்லாத கிளைக் கதை கூத்துல வரும். இந்த ஊர் வாத்தியார் சொல்றது அடுத்த ஊர்ல மாறும். ஒரே வேஷத்தை முன்னிரவு ஒருத்தர், பின்னிரவு ஒருத்தர் கட்டறதும் உண்டு. யாரும் எழுந்து "போன வருஷம் வேற மாதிரி சொன்னீங்களே"ன்னு கேட்கிறதில்ல.

ஆனா ஒண்ணு மட்டும் மாத்த முடியாது. சபையில அவிழ்ந்த கூந்தலைத் துரியோதனன் விழுந்த பிறகுதான் முடிவேன்னு திரௌபதி சபதம் போட்டாச்சு. அதனால கடைசி நாள் படுகளம். மண்ணுல பெருசா துரியோதனன் உருவம் செஞ்சு படுக்க வச்சு, அவன் விழுந்த பிறகுதான் கூந்தல் முடிப்பாங்க. நடுவுல ஒரு ராத்திரி திரௌபதி வேஷக்காரர் கொண்டை போட்டு மேடைக்கு வந்தா என்ன ஆகும்? எங்க ஊர்ப் பாட்டி விடமாட்டாங்க. அந்தப் பாட்டிக்குத் தேதி, ஊர், மூஞ்சி எல்லாம் மைனர். பட்ட அவமானமும் போட்ட சபதமும்தான் கிரிட்டிக்கல்.

அதிகமானாலும் கெடும்

இன்னொரு பக்கமும் சொல்லணும். எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தா நல்ல தொடர் ஆயிடுமா? 1985ல 'அட்டாக் ஆஃப் தி சைபர்மென்'னு ஒரு டாக்டர் ஹூ கதை. 1966லயும் 1967லயும் வந்த பழைய கதைகள் மேல கட்டினது. அந்த 1967 கதையோட டேப் அப்ப பிபிசிகிட்டயே இல்ல. 1992லதான் ஹாங்காங்ல கிடைச்சுத் திரும்பி வந்துச்சு. அதாவது 18 வருஷம் முன்னாடி ஒரே ஒரு தடவை பார்த்த, யாராலயும் திரும்பப் பார்க்க முடியாத கதைக்கு அடுத்த பாகம் எடுத்தாங்க. 10 வயசுப் பையன் சனிக்கிழமை சாயங்காலம் டிவி முன்னாடி உட்கார்ந்தா அவனுக்கு என்ன புரியும்?

ரெக்கார்டு பராமரிக்கிறது வேலைக்குத் துணை. ரெக்கார்டையே பொருளா பேக் பண்ணி வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது.

நேயர் கேள்விகள்

"அண்ணா, டாக்டர் ஹூ ஆரம்பிக்கணும்னா 1963ல இருந்தே பார்க்கணுமா?" வேண்டாம் தம்பி. 2005ல மறுபடி ஆரம்பிச்ச இடத்துல இருந்து பாருங்க. அது புதுசா வர்றவங்களுக்காகவே எழுதினது. பிடிச்சா பின்னாடி போங்க. முரண் பட்டியல் படிச்சுட்டுப் போகாதீங்க, நீங்களே கண்டுபிடிக்கிற சந்தோஷம் போயிடும்.

"தப்பு கண்டுபிடிக்கிறது தப்பா?" கண்டிப்பா இல்லங்க. அது என் சோறு. கண்டுபிடிங்க, சிரிங்க, எழுதுங்க. தரம் மட்டும் பிரிங்க. கல்லறைக் கல்லுல இனிஷியல் தப்புங்கிறதுக்கும், போன வாரம் தோழி செத்ததை இந்த வாரம் ஹீரோ மறந்துட்டான்ங்கிறதுக்கும் ஒரே ரிஜெக்ட் டேக் மாட்டாதீங்க. அப்படி மாட்டினா எடுக்கிறவங்க "சும்மா கதைதானே, ரசிகர்கள் இப்படித்தான் கத்துவாங்க"ன்னு ரெண்டையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க. அந்த ரெண்டாவது புகார் உண்மையான புகார். அது காதுல விழணும்.

"ஓசூர்ல இருந்து கேட்கறேன், தமிழ்ல இப்படி ஒரு தொடர் எழுதணும்னு ஆசை. முதல்ல என்ன பண்ணணும்?" ஒரு நோட்டு போடுங்க. ஸ்டார் ட்ரெக்கும் முதல் தொடர் காலத்துலயே எழுத்தாளர்களுக்குன்னு வழிகாட்டிக் குறிப்பேடு வச்சிருந்துச்சு. ஆனா அதுல முதல் பக்கத்துல தேதியும் கப்பல் நீளமும் எழுதாதீங்க. உங்க பாத்திரங்கள் எதை இழந்தாங்க, யாருக்கு என்ன வாக்கு கொடுத்தாங்கன்னு எழுதுங்க. மிச்சத்தைப் பின்னாடி பக்கத்துல எழுதலாம். அது மாறினா ரிவிஷன் நம்பர் போட்டு, பழைய தாளைக் கிழிச்சுடுங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்களுக்குப் பிடிச்ச தொடர்ல உங்களை நிஜமா நோகடிச்ச ஒரு கன்டினியூட்டி தப்பை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, தமிழோ தெலுங்கோ கன்னடமோ எந்த மொழித் தொடரா இருந்தாலும் சரி. மைனரா, மேஜரா, கிரிட்டிக்கலான்னு நீங்களே தரம் போட்டு அனுப்பணும். அடுத்த எபிசோட்ல அதை எடுத்துப் பேசலாம். எனக்கு நைட் ஷிப்ட் பஸ் வந்துடும், வரேன்.